போட்டோ எடுக்கத் திறந்த அறையைப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள்

மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நலனைக் கவனிக்கும் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயரையும் எங்கள் பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளியின் பெயரையும் இதில் எழுதவில்லை. எந்தப் பள்ளி என்று உங்களுக்குத் தெரியும். போன டிசம்பர் 3ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்கு வந்திருந்தீர்கள். பெயர் போட்டால் அது டீச்சர்மார் தலையில்தான் விடியும். அவர்கள் பாவம்.

நான் வீரவநல்லூர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் என் மகளையும் வழியில் இன்னும் நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவேன். மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். பெற்றோர் எங்களுக்குள் சி.பி. என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

ஜூலையில் பிசியோதெரபி சாருடைய ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிக்கவில்லை, வேறு ஆளும் வரவில்லை. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. மூன்று மனு கொடுத்தோம், மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. நான் சொல்ல வந்தது டிசம்பர் 3 பற்றி.

அன்றைக்குக் காலையில் தெரபி அறையின் பூட்டைத் திறந்தார்கள். ஆயாம்மா ஒட்டடை அடித்தார். பிடித்து நடக்கும் கம்பிகளைத் துடைத்தார்கள், காற்றுப் போயிருந்த பெரிய பந்துக்குக் காற்று அடித்தார்கள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது, புது ஆள் வந்துவிட்டார் போல என்று. அப்புறம்தான் தெரிந்தது, போட்டோ எடுக்க என்று. யாரோ என் மகளைத் தூக்கி, நிற்க வைக்கும் ஸ்டாண்டில் நிறுத்தி வாரைப் போட்டார்கள். உங்களோடு வந்தவர் பக்கத்தில் நின்று அவள் தலையில் கை வைத்தார். அவள் "யப்பா, வலிக்கி" என்றாள். அவள் பேசுவது எல்லாருக்கும் விளங்காது. சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு போட்டோ எடுத்தார்கள்.

ஏன் வலித்தது என்று தெரியுமா, ஐயா? அவள் குதிகால் பலகையில் படவில்லை. ஜூலை வரைக்கும் பட்டது.

இந்த நோயில் மூளைக்கு ஏற்பட்ட சேதம் கூடுவதில்லை என்று டாக்டர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிறக்கும்போதோ, அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நடந்தது நடந்ததுதான். ஆனால் பிள்ளை வளர்கிறதே! எலும்பு நீளும். இறுகிப்போன தசை அதே வேகத்தில் நீளாது. தினமும் நீவி, இழுத்துவிட்டு, பாதத்தையும் கணுக்காலையும் நேராகப் பிடித்து வைக்கும் ஸ்பிளின்ட் போட்டு, நிற்க வைத்துக்கொண்டே இருந்தால் ஓரளவு ஈடு கொடுக்கும். விட்டுவிட்டால் கெண்டைக்கால் தசை சுருங்கிப் பாதம் நுனிவிரலிலேயே நின்றுவிடும். அப்புறம் ஆபரேஷன்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஐந்து மாதம் என்பது உங்கள் கோப்பில் இரண்டு தாள். எங்கள் வீட்டில் அது ஒரு குதிகால்.

காலையில் ஸ்பிளின்ட் மாட்டுவதை மட்டும் சொல்கிறேன். முன்பெல்லாம் ஐந்து நிமிட வேலை. முழங்காலை மடக்கி, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி மெதுவாகக் கீழே இறக்கினால் போய் உட்கார்ந்துகொள்ளும், மூன்று வாரையும் போட்டுவிடலாம். ஜூலைக்கு அப்புறம் அரை மணி நேரம் ஆனது. அவள் அம்மா ஒத்தடம் கொடுப்பாள், பாட்டு பாடுவாள், அப்புறம் அவளும் அழுவாள். குதிகால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். இறங்காத காலில் வாரை இறுக்கினால் மேல்பாதம் சிவந்து கொப்பளித்துவிடும். நவம்பரில் ஒரு நாள் புண்ணாகி, அதிலிருந்து ஸ்பிளின்ட் அலமாரி மேல் இருக்கிறது. புதிதாக அளவெடுக்க வேண்டுமா, இதையே சரி செய்யலாமா, அதற்கு முன்னால் காலுக்கு மாவுக்கட்டு ஏதும் போட வேண்டுமா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. சார் ஒரு நோட்டு வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து தேதி போட்டு எழுதுவார். கடைசித் தேதி ஜூலை 12.

என் ஆட்டோவும் ஒரு நோட்டுதான். ஜூன் மாதம் பின் சீட்டில் மூன்று பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைப்பேன், முன்னால் கம்பிப் பக்கம் மற்றவர்கள் அம்மா மடியில். ஒரே நடையில் முடிந்துவிடும். இப்போது இரண்டு நடை அடிக்கிறேன். பிள்ளைகள் ஒன்றும் குண்டாகிவிடவில்லை. ஒருத்தனுக்குக் கால் மடங்க மாட்டேன்கிறது, இன்னொருத்திக்குக் கால் கத்திரி போட்டால் பிரிய மாட்டேன்கிறது. "அண்ணாச்சி, பள்ளத்துல மெதுவா விடுங்க" என்று அந்த அம்மா தினமும் சொல்லும். நம்ம ரோட்டில் பள்ளம் இல்லாத இடம் எது என்று அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

"வீட்டில் தாயே செய்யலாமே, செல்போனில் வீடியோ இருக்கிறதே" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். செய்கிறோம், ஐயா. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளை காலை நீவிவிட்டு மறுபடி தட்டை எடுத்து மடியில் வைப்பார்கள். ஆனால் வீடியோ பார்த்துச் செய்ததில் என்ன ஆயிற்று தெரியுமா? பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்து அழுத்தினால் குதிகால் இறங்குவது போலத்தான் தெரியும். உண்மையில் நடுப்பாதம் மடங்கி உள்வளைவு சரிந்துகொண்டிருக்கும். குதிகாலைப் பிடிக்க வேண்டும், முன்பாதத்தை இல்லை என்று சார் எங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் போன பிறகு சேர்ந்த பிள்ளைகளின் அம்மாக்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஆட்டோக்காரன் நானா?

இன்னொருவர் "ஆய்க்குடிக்குக் கூட்டிப் போங்களேன்" என்றார். 1981இல் இருந்து அங்கே அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்கிற வேலை ஊருக்கே தெரியும், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 20 கிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி, தென்காசியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, வாரம் மூன்று நாள்? அன்றைக்கு என் ஆட்டோ ஓடாது, அந்த அம்மாக்களின் தட்டும் ஓடாது. அதோடு 2019இல் நம்ம திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்தபோது ஆய்க்குடி தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டதே. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த மாவட்டத்தைக் கைகாட்டுவதுதான் பதில் என்றால், இங்கே உங்கள் அலுவலகம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

மாதம் 2000 ரூபாய் உதவித்தொகை வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை, அதற்கும் நன்றி. ஆனால் அந்த 2000 ரூபாயை வைத்து வாரம் மூன்று தடவை தனியாரிடம் தெரபி கொடுத்தால் மாதத்தின் பாதிகூடத் தாங்காது. சோறு, துணி, மருந்தெல்லாம் அப்புறம்.

எங்கள் ஊர் வக்கீல் அண்ணாச்சி ஒருவர் 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை இலவசக் கல்வி உரிமை என்று 31ஆம் பிரிவில் இருக்கிறதாம். மறுவாழ்வுச் சேவை 27ஆம் பிரிவில். அதில் அரசு தன் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன், அரசுக்கும் கையில் இருந்தால்தானே. ஆனால் டிசம்பர் 3 அன்று பந்தல் போட, பேனர் வைக்க, பொன்னாடை போர்த்த அந்தத் திறன் எங்கிருந்தோ வந்தது. பேனரில் என் மகள் படம்கூட இருந்தது, கிழிந்த பிறகு பக்கத்து டீக்கடைக்காரர் மழைக்குக் கட்டியிருக்கிறார். அவருக்காவது உபயோகம்.

மேடையில் "தெய்வக் குழந்தைகள்" என்றார்கள். நம்ம நெல்லையப்பருக்குக்கூட பூசைக்கு ஆள் போட்டுத்தான் வைத்திருக்கிறது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருவர் வந்து நடையைத் திறப்பார். ஐந்து மாதம் நடை சாத்திக் கிடக்குமா? இந்தப் பாளையங்கோட்டையில்தான் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். ரோடு, கரண்டு ஒன்றும் இல்லாத காலத்தில்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு என் மகளுக்கு மிட்டாய் கொடுத்தது நீங்கள்தான், உறையைப் பிரித்து வாயில் வைத்தீர்கள். பிரிக்காமல் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட். நிரந்தரப் பணி இப்போது முடியாது என்றால் பழைய சாருக்கே ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுங்கள். அவர் வருவதாகத்தான் சொல்கிறார், நான் போனில் கேட்டுவிட்டேன். அதுவும் ஆகாது என்றால் மாவட்டத்தில் வேறு எங்காவது இருக்கிற ஒருவரை வாரம் மூன்று காலை மட்டும் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். ரயிலில் வந்தால் வீரவநல்லூர் ஸ்டேஷனில் இருந்து நான் ஏற்றிக்கொண்டு போகிறேன், வாடகை வேண்டாம்.

அறையில் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது. பந்தில் காற்று இன்னும் இறங்கவில்லை, நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாவி ஆபீஸ் அறையில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

இப்படிக்கு,
பணிவுடன்,
வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன்