வசந்திக்கு, சக்கரத்தைப் பற்றி

கோயம்புத்தூர்
வெள்ளி இரவு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் மூன்று படங்களும் கிடைத்தன. அம்மா கைப்பிடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த முழங்காலுக்காக நீ எத்தனை ராத்திரி கண் விழித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஈரோட்டில் வேலை கிடைத்துவிட்டது, வாரக் கடைசியில்தான் வருகிறாள். அண்ணன் இன்னும் சைக்கிள் கடையை மூடுவதாக இல்லை. சாயங்காலங்களில் நானும் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ செகண்ட் ஹேண்டில் மலை சைக்கிள் வாங்கப் போகிறாய் என்று சொன்னதும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். 26, 27.5, 29 அங்குலச் சக்கரம் உள்ள மூன்று வண்டிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களை நாங்கள் இரண்டு பேருமாகத்தான் பார்த்தோம். இனி எழுதுவது எங்கள் இருவரின் கருத்து என்று வைத்துக்கொள்.

பெரிய சக்கரம் கல்லின் மேல் சுலபமாக ஏறும் என்று உன் தம்பி மகன் சொன்னது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு சுலபம் என்பதையும் பார்க்க வேண்டும். 26-இன் ரிம், டயர் உட்காரும் இடத்தில் 559 மில்லிமீட்டர் விட்டம். 27.5-க்கு 584, 29-க்கு 622. ஆக, 27.5 என்பது நடுவில் இல்லை. 26-ஐவிட 25 மில்லிமீட்டர்தான் பெரிது, 29-ஐவிட 38 சிறிது. மூன்றிலும் ஒரே பருமன் டயரைப் போட்டு, எட்டு சென்டிமீட்டர் கல்லை முட்டினால், 26-க்கும் 29-க்கும் முட்டும் கோணத்தில் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். நாள் முழுக்கக் கல்லுப் பாதையில் ஓட்டுபவருக்கு அது சேர்ந்து சேர்ந்து பெரிதாகத் தெரியும். தேயிலைத் தோட்டத்து மண் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டும் உனக்கு, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பதே அதைவிட அதிக சுகம் தரும்.

29 என்றதும் மலைக்காதே. நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு 28 அங்குல சைக்கிளின் ரிம் 635 மில்லிமீட்டர், 29-இன் ரிம்மைவிடப் பெரியது. மலை சைக்கிளில் டயர் தடிமனாக இருப்பதால் மொத்த உயரம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

26 எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த அளவு அல்ல அது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய அமெரிக்க சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச் சரிவில் இறக்கி ஓட்டினார்கள். அவற்றில் இருந்தது 26, அதுவே நிலைத்துவிட்டது. அவர்கள் தொடங்கியதே செகண்ட் ஹேண்ட் சைக்கிளில்தான், வசந்தி. அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் யரோஸ்லாவ் குல்ஹாவி 29-இல் தங்கம் வாங்கினார். சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 27.5-இல் ஒரே ஒரு வினாடி பிந்தி வெள்ளி. நான்கு வருடம் கழித்து ரியோவில் ஷூர்ட்டரே 29-க்கு மாறித் தங்கம் வாங்கினார். பந்தயக்காரர்கள் பக்கம் 29 வென்றுவிட்டது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு ஒரு வினாடி முக்கியம். உனக்கு வண்டி உடம்புக்குப் பொருந்துவதுதான் முக்கியம்.

நீ ஐந்தடி இரண்டு அங்குலம். படத்தில் இருக்கும் 29, எம் சைஸ் பிரேம். நீ அதன் மேல் காலை அகட்டி நின்றால் மேல் குழாய் இடிக்கும். மண் பாதையில் சட்டென்று கால் ஊன்றும்போது இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டைத் தாழ்த்தலாம், குழாயைத் தாழ்த்த முடியாது. இன்னொன்று, பல்சக்கரங்கள் ஒரே மாதிரி இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு 29, 26-ஐவிட ஒன்பது சதவீதம் அதிக தூரம் போகும். சமதளத்தில் அது லாபம். அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது அந்த ஒன்பது சதவீதத்தை உன் தொடைதான் கொடுக்க வேண்டும்.

அதனால் அந்த 29 புதுசு போல மின்னினாலும் வேண்டாம். 27.5-ஐ எடு. எஸ் சைஸ் பிரேம், டிஸ்க் பிரேக். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊர் மழையிலும் மூடுபனியிலும் ரிம்மைப் பிடிக்கும் பிரேக் சேற்றையும் சேர்த்து அரைத்து ரிம்மையே தேய்த்துவிடும். அந்த 26-இல் இருப்பது அதுதான். மற்றபடி 26 மோசமில்லை. டியூபும் டயரும் சாதாரணக் கடையில்கூடக் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். முதலில் பிரேமைப் பார். ஹேண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் வெல்டிங், பெடல் அச்சைச் சுற்றி, சீட் கம்பி நுழையும் இடம். பெயின்ட்டில் முடிபோல ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பார். விரிசல் என்றால் பேசாமல் திரும்பிவிடு. அலுமினியத்தைத் தெருமுனையில் வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து, அதுவும் இறக்கத்தில்.

அடுத்து செயின். இரும்பு டேப் கொண்டு போ. செயின் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணினால் 24-ஆவது பின் புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பாகம் தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பாகம் என்றால் பின்பக்கப் பல்சக்கரங்களும் போயிருக்கும், அதை விலையில் கழிக்கச் சொல். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்றும் எண்ணு. 34 இருந்தால் ஏற்றத்துக்கு நல்லது, 28 மட்டும் என்றால் அண்ணன் மாற்றித் தருகிறேன் என்கிறார்.

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ஹேண்டில் பக்கம் 'டக் டக்' என்றால் பேரிங் தளர்ந்திருக்கிறது. முறுக்கியும் நிற்கவில்லை என்றால் மாற்ற வேண்டும். முன் ஷாக்கின் பளபளப்பான குழாயில் விரலை ஓட்டு. கீறலும் துருவும் தட்டுப்பட்டால் அந்த ஷாக் ரொம்ப நாள் வராது. சக்கரம் கோட்டமாகச் சுற்றினால் பயப்படாதே, கோட்டம் எடுத்துவிடலாம். ரிம்மே நசுங்கியிருந்தால்தான் செலவு.

பிறகு ஓட்டிப் பார். தெருவில் ஒரு சுற்று போதாது. ஒரு ஏற்றத்தில் கியரை மாற்றிக்கொண்டே ஏறு. வாங்குவதானால் பில்லைக் கேள். பில் இல்லையென்றால் பிரேம் நம்பரை எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள். தயங்காதே, நேர்மையானவர் போடுவார்.

27.5-இல் விரிசல் இருந்தால் 26-ஐ வாங்கு, இல்லை காத்திரு. 29-க்கு மட்டும் மனம் இளகாதே. பார்த்துவிட்டு வந்ததும் எழுது. செயின் எவ்வளவு தள்ளி நின்றது என்று அண்ணன் கேட்கச் சொன்னார். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கல்யாணி