எடை நோட்டில் எழுதிய அக்காவுக்கும் என் ஊராருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கும், பழைய மாணவர்களுக்கும், ஊராருக்கும்,

நம் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போவதில்லை என்ற கடிதம் நேற்று மாலை கைக்கு வந்ததும் உங்களில் பலருக்குப் போன் செய்தேன். செய்தேனே தவிர, பேச வாய் வரவில்லை. "டீச்சர், முதலில் தண்ணீர் குடியுங்கள், பிறகு சொல்லுங்கள்" என்று நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். நம் பள்ளிக்கூடம் இருக்கிறது. வரும் ஜூனில் மணி அடிக்கும், புதிதாக ஒன்றாம் வகுப்பு உட்காரும். இரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. ஒன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாம் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்த அந்த வாரத்தில் பூட்டிய வகுப்பறைகளின் வராந்தாவில் நடக்கவே எனக்குக் கால் கூசியது. அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். எல்லாரையும் சொல்வேன். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கு நம் பள்ளியில் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. கருங்கல் போகும் வழியில் இருக்கும் முந்திரி ஆலையில், நம் ஊர் வழக்கில் அண்டி ஆபீஸில், முந்திரிக்கொட்டையைத் தல்லுகிற, அதாவது தட்டி உடைக்கிற, பெண்கள் உடைத்ததன் எடையைக் குறித்து வைப்பவர். எல்லாருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்காதான்.

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது இருபத்து நான்கு பேர் வந்தார்கள். பெற்றோர், பழைய மாணவர்கள், உள்ளாட்சி உறுப்பினர், ஆசிரியர் என்று சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை இந்தக் குழுவே தயாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நானும் ஆசையோடு ஒரு பெரிய சார்ட் தாளில் திட்டம் வரைந்து சுவரில் ஒட்டினேன். சுவருக்கு வர்ணம், கணினித் திரை, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, புதிய சுற்றுச்சுவர், வாசலில் வளைவு. வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் என்றால் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஓய்வு பெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் மனமார வந்தார்கள், மனமாரப் பேசினார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் வரவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் பிற்பகல் எழுந்து வந்தால் அரைநாள் கூலி போய்விடும். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வேறு நேரம் யோசிக்கவில்லை. "அக்கறை இல்லை" என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன். அந்தச் சொல்லுக்காக இங்கேயே எல்லா அம்மாக்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்களை ஆலைக்குக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவை திரும்பி வந்தன. சிலவற்றில் எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று டிக் அடித்திருந்தது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

பிறகு, இடவப்பாதி மழை வலுத்துப் பெய்த ஒரு மாலை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நீள நோட்டு ஒன்று கேட்டின் கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரித்ததும் சுட்ட முந்திரித்தோட்டின் புகை வாசம் அடித்தது. ஆலையின் எடை நோட்டு அது. கோடு போட்ட பத்திகள்: வரிசை எண், பெயர், கிலோ. பெயர் எழுத வேண்டிய இடத்தில் "இரண்டாவது வரிசை, ஓரத்தில் இருப்பவள்" என்பது போல ஏதோ அடையாளம். கிலோ எழுத வேண்டிய இடத்தில் ஆரம்பித்து, கோட்டைத் தாண்டி, பக்கத்தின் விளிம்புவரை எழுத்து. நாற்பத்து மூன்று பேர் சொன்னவை.

அந்த அக்கா என் பன்னிரண்டு கேள்விகளையும் ஒதுக்கி வைத்துவிட்டார். ஆறு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தன் பொதியைப் பிரிக்காமல் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: "உன் பிள்ளை காலையில் எங்கே நிற்கிறது?"

அதில் இருந்தவற்றைச் சிலவாவது எழுத வேண்டும்.

"ஆறே முக்காலுக்கு இறங்குகிறேன். பிள்ளை கேட்டுக்கு வெளியே. வேன் என்றால் வீட்டு நடையில் வந்து ஏற்றிக்கொள்கிறான்."

"மழைக்குச் சாயாக்கடைச் சாய்ப்பில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே பீடி குடிக்கிற ஆட்கள்."

"கக்கூஸ் தாழ்ப்பாள் எட்டவில்லை. கதவு திறந்துகொள்ளும் என்று என் மகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை."

"நனைந்த யூனிபார்மோடு சாயங்காலம்வரை இருக்கிறான். மாற்ற ஒரு துணி அங்கே இருந்தால் கொள்ளாம்."

"டீச்சரை வந்து பார்க்க வேண்டும் என்று உண்டு. கை இப்படி இருக்கிறது."

கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு நோட்டை மூடினேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். விரல்களில் கறுப்பாய்ப் பிடித்தால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், அந்தக் கையோடு என் மேஜைமேல் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒருத்தி கூசுவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அச்சடித்த தாள்கள் சில வெள்ளையாகவே திரும்பி வந்ததற்கும் அதுதான் காரணம். "தாள் அழுக்காகிவிடும் என்று தொடவில்லை, டீச்சர். அதனால்தான் நான் எழுதினேன்" என்று பிறகு அக்கா சொன்னார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நம் பள்ளிக்கும் வந்தது. சமைக்கும் மகளிர் குழு அக்காமார் ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுவார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உள்ளே விட வேண்டாம், எட்டே கால் வரை கேட்டைப் பூட்டியே வையுங்கள் என்று சொன்னது நான்தான். ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். உள்ளே உப்புமா வெந்துகொண்டிருந்தது, வெளியே பிள்ளைகள் நனைந்துகொண்டிருந்தார்கள். நம் பள்ளி காலியானது ஆங்கிலத்தால் என்று நான் நினைத்திருந்தேன். நாற்பத்து மூன்று பேரில் ஆங்கிலத்தைச் சொன்னவர்கள் நான்கு பேர். காலை ஒன்றரை மணி நேரத்தையும் மாலை ஒன்றரை மணி நேரத்தையும் சொன்னவர்கள் இருபத்தெட்டுப் பேர்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரி, 91.75 விழுக்காடு. 1817-லேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்ட மண் இது. இங்கே எந்தத் தாய்க்கும் படிப்பின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்டி தல்லிய காசில் தனியார் பள்ளி வேனுக்கும் பீஸுக்கும் கட்டினார்கள் என்றால், பிள்ளை பத்திரமாக ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் கட்டினார்கள். அந்த இடத்தை நாம் வைத்திருந்தோம், பூட்டு போட்டு.

மறுநாள் சார்ட் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு மாறியது. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போய்வந்து, சோறாக்கி வைத்துவிட்டு வர அதுதான் தோது என்று அம்மாக்கள் சொன்னார்கள். முதல் ஞாயிறு முப்பத்தேழு பேர் வந்து, பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தோம். நோட்டை அக்காவே வாசித்தார். ஒவ்வொன்றையும் வாசித்து, "இதற்கு என்ன வழி?" என்று கேட்டு நிறுத்துவார். நான் பதில் சொல்ல வாயெடுத்தால் என்னைப் பார்ப்பார், நான் நிறுத்திக்கொள்வேன். பள்ளியை மாற்றியமைத்தது என் தலைமையில் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறது. அந்த ஞாயிறுகளில் நான் செய்த பெரிய காரியம் பேசாமல் இருந்ததுதான்.

இப்போது ஆறரைக்குக் கேட் திறக்கிறது. ஓய்வு பெற்ற தபால்காரர் சாவியைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் தவறவில்லை. சாலையைப் பார்த்த பழைய ஸ்டோர் அறையின் முன்சுவரை இடித்து, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டுக் காத்திருப்பு வராந்தா ஆக்கினோம். அதுதான் நம் மறுவடிவமைப்பின் பெரிய கட்டுமானம். மாலை ஐந்தரை வரை, பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் நம் பெண்பிள்ளைகள் மூன்று பேர் முறை வைத்து வந்து வாசிக்க வைக்கிறார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள்கள் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் தோள் உயரத்துக்கு இறங்கிவிட்டன. அதற்கு ஆன செலவு ஒரு சாயாக் காசு கூட இல்லை, ஆசாரி கூலி வாங்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் கண் நிறைகிறது. எத்தனை வருடம் எத்தனை பெண்குழந்தைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பது, இன்று முப்பத்து நான்கு.

மற்றவர்களுக்கு: கூரையின் உடைந்த ஓடுகளை மாற்றி, இற்றுப்போன கழுக்கோலுக்குத் தன் வீட்டில் கிடந்த ஆஞ்சிலிப் பலகையை அறுத்துக் கொடுத்த ஆசாரிக்கு; 1956-க்கு முந்தைய சேர்க்கைப் பதிவேட்டின் மலையாள எழுத்தை வாசித்துச் சொல்லிப் பழைய மாணவர்களின் குடும்பங்களைக் கண்டுபிடிக்க உதவிய ஓய்வு பெற்ற சாருக்கு; வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பிவிட்டு, கல்வெட்டில் பெயர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு; சேர்க்கை அறிவிப்பைக் கோயில் மைக்கிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் ஒரே வாரத்தில் சொல்லவைத்த பெரியவர்களுக்கு; மாற்றுத் துணி அலமாரியை நிரப்பித் துவைத்தும் வைக்கும் குழு அக்காமாருக்கு; பீடிக்காரர்களை எழுப்பிவிட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த சாயாக்கடை அண்ணனுக்கு; நான் நம்பிக்கை இழந்த நாட்களிலும் பாடத்தை நிறுத்தாத என் உடன் ஆசிரியருக்கு; போக மாட்டோம் என்று நின்ற அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். கைகூப்பி நன்றி. யாரையாவது விட்டிருந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள், உரிமை உண்டு.

அக்காவிடம் ஒரு நாள், சொந்தப் பிள்ளைகூட இங்கே இல்லாமல் எதற்கு இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று கேட்டேன். "கேள்வித்தாளை நீங்கள் கொடுத்துவிட்டிருந்தீர்களே, பதில் போகாமல் இருந்தால் மரியாதை இல்லையல்லவா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நோட்டில் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்கள் ஆலைக்கு வேண்டும், எழுதியதை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை. மார்த்தாண்டத்தில் அதே அளவில் புதிய நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பழையது என் மேஜைமேல் இருக்கிறது, கறுப்பு விரல் தடங்களோடு.

நடந்து முடிந்தவற்றின் எதிரே பச்சை மையில் கோடு போட்டு வருகிறேன். இன்னும் ஐந்து மிச்சம். அதில் முப்பத்தொன்றாவதாக இருப்பது நம் ஊர்க் கால்வாயைப் பற்றியது: "சானல் பாலத்துக்குக் கைப்பிடி இல்லை. தண்ணீர் விடுகிற மாதங்களில் மனசு இங்கே இருக்காது." மனு மூன்று முறை கொடுத்தாகிவிட்டது. நான்காவது மனுவில் முப்பத்து நான்கு வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கையைக் கழுவாமலே வாருங்கள். கைப்பிடி வரும்வரை, சானலில் தண்ணீர் ஓடும் நாட்களில், மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகளை நானே அக்கரை கொண்டுவந்து விடுவேன். நான் வராத நாளில் உடன் ஆசிரியர் வருவார். அம்மாக்கள் நேராக வேலையிலிருந்து வீட்டுக்குப் போகலாம்.

உங்கள்,
தலைமையாசிரியை