கராஜ் இல்லாத வீட்டில் மர ட்ரெய்லருக்கு ஒரு கூரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் வந்த படங்களும் கிடைத்தன. தங்கையும் பிள்ளைகளும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தோம். இங்கே அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்குவதற்கென நீயே செய்த மர ட்ரெய்லரின் பின்பக்கக் கதவைத் தூக்கிச் சமையல் மேடையைக் காட்டும் படத்தை அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள ஒரு பெட்டிக்குள் இருவர் படுக்க இடமும், பாத்திரம் அடுக்க அலமாரியும், மழை உள்ளே வராத கதவுகளும் அமைத்திருக்கிறாய். பிர்ச் ப்ளைவுட்டின் ரேகைகள் வார்னிஷுக்கு அடியில் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன! அமெரிக்காவில் 1930களிலிருந்து மக்கள் தங்கள் வீட்டுக் கொட்டில்களில் தாமே செய்துவந்த இந்தத் துளி வடிவ வண்டிகளில் உன்னுடையது மிக நேர்த்தியான ஒன்று என்று மனமாரச் சொல்கிறேன்.

பட்டறையை அக்டோபருக்குள் காலி செய்ய வேண்டும், புது வீட்டில் கராஜ் இல்லை, வீட்டின் பக்கவாட்டில் ஒரு நீண்ட துண்டு நிலம் மட்டுமே இருக்கிறது, நல்ல உறையாக வாங்கிப் போர்த்திவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது என்பதே என் உறுதியான கருத்து. அந்த வண்டிக்கு வேண்டியது அதன் உடம்பைத் தொடாமல் எட்டி நிற்கும் ஒரு கூரை.

மரம் நனைவதால் மட்டும் கெடுவதில்லை, நனைந்த பிறகு காய வழியில்லாமல் போகும்போதுதான் கெடுகிறது. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சணம் வேலையைத் தொடங்குவதற்கு மரத்தின் ஈரம் ஏறக்குறைய 28, 30 சதவீதத்தை எட்ட வேண்டும். இருபதுக்குக் கீழே இருக்கும்வரை அச்சமில்லை. இங்கே ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்தை ஒட்டிய பீவர்ட்டனில் என் ட்ரெய்லரின் கீழ்விளிம்புகளில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அழுத்திப் பார்த்தால் மழைக்காலத்தில் 16, 17 காட்டும், கோடையில் 12 அளவில் நிற்கும். கூரைக்குக் கீழே காற்றாட நிற்கும் மரத்துக்கு இந்த ஊரில் இயல்பான அளவுகள் இவை. போர்ட்லாந்துப் பகுதியில் ஆண்டு மழை ஏறக்குறைய 36 அங்குலம்தான், சென்னைக்கு அதைவிட அரை மடங்கு கூடுதலாகவே பெய்கிறது. ஆயினும் சென்னையில் கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் வெயில் அடித்துவிடும், இங்கேயோ அக்டோபரில் தொடங்கும் தூறல் மே வரை விட்டுவிட்டுப் பெய்து கொண்டிருக்கும். மரத்தைப் பொறுத்தவரை மொத்தத்தில் எத்தனை அங்குலம் பெய்தது என்பதைவிடத் தொடர்ந்து எத்தனை நாள் ஈரமாகவே இருந்தது என்பதுதான் முக்கியம்.

இப்போது உறையைப் பற்றி. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலத் தார்ப்பாய் எந்தப் பக்கமும் மூச்சு விடாதது. தெளிந்த இரவில் அது வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும், தரையிலிருந்து எழும் ஈரம் அதன் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படியும், அந்தத் துளிகள் உன் வார்னிஷின் மேலேயே சொட்டும். காற்றடிக்கும்போது தார்ப்பாய் படபடத்து, மூலைகளில் இருக்கும் மெருகை உப்புத்தாளைப் போலத் தேய்த்துவிடும். அதன் பிறகு வெயில் தார்ப்பாயையே நார்நாராகக் கிழிக்கும். படகுகளுக்கும் வெளிப்புற இருக்கைகளுக்கும் பயன்படுத்தும் அக்ரிலிக் துணியால் தைத்த உறைகள் எவ்வளவோ மேல். அவை நீரை ஓரளவு தடுத்து, ஆவியை வெளியே விடும். அப்படி ஓர் உறையை நெடும்பயணத்தில் நிறுத்துமிடத்துக்கும், கூரை எழும்பும்வரை உள்ள இடைக்காலத்துக்கும் வைத்துக்கொள். அப்போதும் மேலே சில மரச் சட்டங்களை வைத்துத் துணிக்கும் உடம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, அடியில் பட்டைகளை இறுகக் கட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் அதையே நம்பி வண்டியை விடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

நம் ஊர்க் கோயில் தேர்களை நினைத்துப் பார். சக்கரமுள்ள பெரிய மர வண்டிகள் அவை. ஆண்டில் சில நாள் மட்டும் ஓடிவிட்டு, மற்ற நாளெல்லாம் தேரடியில் நிற்கின்றன. கீற்றோ தகரமோ வேய்ந்து அவற்றைச் சுற்றி அமைக்கும் மறைப்பு தேரின் மரத்தை விட்டு விலகியே நிற்கிறது, மரத்துக்கும் மறைப்புக்கும் நடுவே காற்று உலாவுகிறது. நமக்கும் அளவில் சிறிதாக அதே ஏற்பாடுதான் வேண்டும்.

நான் செய்திருப்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், உனக்குப் பயன்படும். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறேன். வடக்குப் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது, ஆனால் இந்த ஊரில் வடக்கே நிற்கும் எதன் மேலும் பாசி படர்ந்துவிடும். வண்டியின் இழுவைக் கம்பியையும் சேர்த்தால் பன்னிரண்டடி நீளம்தான் வருகிறது, உயரம் ஆறடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே பத்துக்குப் பதினான்கடிக் கூரை எல்லாப் பக்கமும் சாரலுக்கு இடம் விட்டுப் போதுமானதாக இருக்கிறது. தூண்கள் மருந்தேற்றிய மரம். அவற்றின் அடி மண்ணிலும் கான்கிரீட்டிலும் படாதபடி இரும்புப் பாதங்களின் மேல் நிறுத்தினேன். கைமரங்களின் மேல் நெளிவுள்ள பாலிகார்பனேட் தகடுகளைப் போட்டேன். தகரம் இன்னும் நெடுநாள் உழைக்கும் என்றாலும், பாலிகார்பனேட் வெளிச்சத்தை உள்ளே விட்டுப் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. உன் வண்டிக்கும் அந்தக் கதிர்தான் இரண்டாவது எதிரி. எப்பாக்சிப் பூச்சு நீரை எவ்வளவு தடுத்தாலும் வெயிலில் மஞ்சளித்து வெளுத்துவிடும், அதன் மேல் இருக்கும் வார்னிஷ்தான் அதற்குக் குடை. கூரை வந்தபிறகு அந்த வார்னிஷை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போயிற்று.

சாய்ப்பு வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சுவர்ப்பலகைக்கு அடியில் உலோகத் தகட்டை மடித்துச் செருகி, அங்கே வழியும் நீர் சுவருக்குள் போகாமல் கூரையின் மேலேயே இறங்கும்படி செய்ய வேண்டும். ட்ரெய்லரைக் காக்கப் போய் வீட்டுச் சுவரை நனைப்பதில் பொருளில்லை. மழைக்காற்று எங்களுக்குப் பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால் தெற்குப் பக்கத்தை மட்டும் பலகைகளால் அடைத்து, பலகைக்குப் பலகை ஒரு விரல் சந்து விட்டிருக்கிறேன். மற்ற பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. 2021 பிப்ரவரியில் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும் உறைமழை இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை மூடிக் கிளைகளெல்லாம் முறிந்து விழுந்தபோதும் சாய்ப்பு அசையவில்லை. அதற்கு என் கைத்திறன் பாதிக் காரணம், பெரிய டக்ளஸ் ஃபர் ஊசியிலை மரங்களுக்கு அடியில் அதை வைக்காதது மறுபாதி.

தரையை மறந்துவிடாதே. புல்லின் மேலோ வெறும் மண்ணின் மேலோ நிற்கும் வண்டிக்கு மேலே எத்தனை கூரை போட்டாலும் கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மண்ணின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன் மேல் நான்கு அங்குலத்துக்குச் சரளைக்கல் கொட்டி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்திருக்கிறேன். வண்டியின் மூக்கையும் சற்று உயர்த்தியே நிறுத்துகிறேன், தப்பித்தவறிச் சாரல் விழுந்தாலும் எங்கும் தேங்காமல் வழிந்துவிடும். மேல் சாளரத்தை இரண்டு விரல் திறந்தும், மெத்தையைச் செங்குத்தாகச் சாய்த்தும் வைத்துவிட்டால் உள்ளே பூஞ்சை வாடை வருவதில்லை.

இனி உன் ஊருக்கு வருகிறேன். மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் என் சாய்ப்பை அப்படியே கட்டினால் அது நிற்காது. அங்கே உன் முதல் கவலை பனியின் எடைதான். ஓர் அங்குல நீருக்குச் சமமான பனி 140 சதுர அடிக் கூரையில் படிந்தால் அதன் எடை 700 பவுண்டைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய 330 கிலோ. உன் மாநிலக் கட்டட விதி தென்பகுதி மாவட்டங்களுக்குத் தரையில் படியும் பனியின் சுமையைச் சதுர அடிக்கு 50 பவுண்டு என்று வைத்திருக்கிறது, நான் சொன்ன ஓரங்குலக் கணக்கைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். மெல்லிய இரும்புக் குழாய்களில் துணி போர்த்தி விற்கும் கூடாரக் கொட்டகைகள் பல இந்தச் சுமைக்கென்று செய்யப்பட்டவையே அல்ல. விலை குறைவு என்று அதன் பக்கம் போகாதே. அது சரிந்தால் உன் உழைப்பின் மேல்தான் சரியும்.

வீட்டுக் கூரையின் பனி எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் பார். இறவாரம் உள்ள பக்கத்தில் சாய்ப்பைக் கட்டினால் மேல் கூரையின் பனி முழுவதும் அதன் மேல் வந்து விழும். முக்கோண முகப்புச் சுவர் இருக்கும் பக்கம் பாதுகாப்பானது. தூண்களின் அடித்தளமும் அங்கே 42 அங்குல ஆழம் போக வேண்டும், இல்லையென்றால் உறையும் மண் தூணை மேலே தூக்கிவிடும். இவற்றையெல்லாம் எண்ணினால், சுவரோடு சேர்க்காமல் தனித்து நிற்கும் நான்கு தூண் கொட்டகையாக, செங்குத்தான தகரக் கூரையோடு அமைப்பதே உனக்கு நல்லது என்று தோன்றுகிறது. சிறிய தனிக் கொட்டகைக்குப் பல நகராட்சிகள் அனுமதி கேட்பதில்லை. ஆனாலும் நகராட்சி அலுவலகத்தையும் குடியிருப்புச் சங்கத்தையும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். தெருவிலிருந்து தெரியும்படி ட்ரெய்லர் நிறுத்தக்கூடாது என்று பல சங்கங்கள் விதி வைத்திருக்கின்றன.

உனக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. உறைபனியில் பூஞ்சணம் வளராது. எனவே நீ அஞ்சும் ஜனவரி மாதம் மரம் இற்றுப்போகும் காலமே அல்ல. மழையும் வெப்பமும் சேர்ந்து வரும் மே முதல் செப்டம்பர் வரைதான் உனக்கு ஆபத்தான பருவம், நீ வண்டியை ஓட்டி மகிழும் பருவமும் அதுதான். மழையில் நனைந்து திரும்பினால் கதவுகளையும் பின்பக்கத்தையும் திறந்து வைத்து இரண்டு நாள் உலர விடு. ப்ளைவுட்டின் வெட்டுமுகங்கள் பரப்பைவிடப் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். கதவுச் சட்டத்தின் அடியிலும் சக்கர மேல்வளைவிலும் கருத்த கோடு தெரிந்தால் உடனே சுரண்டி, நன்றாக உலர்த்தி, மீண்டும் பூசிவிட வேண்டும். டயர்களுக்கு மறைப்பு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது, எலி நுழையும் துளைகளுக்குக் கம்பிவலை, இவையெல்லாம் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஆண்டு கொட்டகைக்கு நேரம் போதாவிட்டால் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இடம் பிடி. உங்கள் பகுதியில் பல மாவட்டத் திருவிழா மைதானங்கள் தங்கள் கட்டடங்களைப் படகுகளுக்கும் ட்ரெய்லர்களுக்கும் அப்படி வாடகைக்கு விடுகின்றன. இலையுதிர் காலத்தில் உள்ளே விட்டால் பெரும்பாலும் வசந்தத்தில்தான் வெளியே எடுக்க முடியும் என்பதால், வண்டியை முழுவதுமாக உலர்த்திய பிறகே கொண்டுபோய் விடு. இப்போதே விசாரி, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பக்கவாட்டு நிலத்தின் நீள அகலத்தையும், அந்தப் பக்கத்துச் சுவருக்கு மேலே இருப்பது இறவாரமா முகப்பா என்பதையும், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் அளந்து எனக்கு எழுது. தூண்களும் கைமரங்களும் எங்கெங்கே வர வேண்டும் என்று ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன். மரங்களின் தடிமனை மட்டும் உன் ஊர்ப் பனிச்சுமை தெரிந்த ஒரு பொறியாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்.

அம்மா உங்கள் எல்லோருக்கும் ஆசிகளைச் சொல்லச் சொன்னார்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்