கதிருக்கு 32 ஜிபி எதற்கு?

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சேகர்,

ஓணத்தின்போது நீ எழுதிய கடிதத்துக்கே பதில் போடாதவன் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறானே என்று நினைப்பாய். காரணம் உன் மகன். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பழனிச்சாமி இன்னும் அதே பழனிச்சாமிதான்; அந்த மின்விசிறிக்கு இன்றுவரை பணம் தரவில்லை. மல்லிகாவுக்கு என் அன்பைச் சொல்.

கதிர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, தன் கணினியில் 32 ஜிபி ராம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் கணினி அப்போதைக்கு வைத்துக்கொள்ளும் நினைவகம்) போட்டால்தான் விளையாட்டுகள் ஒழுங்காக ஓடும் என்று உன்னிடம் நான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். இதை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னான். வைத்துக்கொள்வதாக நான் சொல்லவில்லை. நீயோ, ராம் என்பது கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை, விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவனிடம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாய். பத்தாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி நடத்துகிற அதே உறுதியோடு சொல்லியிருப்பாய். இருவர் சொல்வதும் சரியில்லை. உன்னுடையது சற்றுக் கூடுதலாகச் சரியில்லை. ஆகவேதான் கடிதம் உனக்கு வருகிறது.

விளையாடும் நேரத்தில், எது எவ்வளவு ராம் எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் எடுத்து அனுப்பு என்றேன், அனுப்பினான். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். ராம் பட்டையைச் செருகும் இடமான ஸ்லாட் இரண்டு; அதில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி பட்டை, அதாவது ஸ்டிக், ஒன்று இருக்கிறது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான் வேலை செய்கிறது, அது தனக்கென்று இந்த 8 ஜிபியிலிருந்தே 2 ஜிபியை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் 6 ஜிபியில் விண்டோஸ், பின்னால் திறந்து கிடக்கும் குரோம், விளையாட்டு ஆகிய மூன்றும் முண்டியடிக்கின்றன. ராம் போதாதபோது விண்டோஸ் அப்போதைக்குத் தேவைப்படாததை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவருகிறது. எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியாக இருந்தாலும் ராமின் வேகம் அதற்கு வராது. அந்தப் போக்குவரத்து நடக்கிற நொடியில்தான் திரையில் வண்டி அப்படியே நின்றுவிட்டுப் பிறகு குதிக்கிறது. அதைத்தான் அவன் ‘லேக்’ என்று சொல்கிறான், நீ ‘சாக்கு’ என்று சொல்கிறாய்.

கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே சொல்லும் கணக்கைப் பார். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-க்கு 8 ஜிபி இருந்தால் நல்லது என்றார்கள். 2020-இல் வெளியானபோது சைபர்பங்க் 2077-க்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி என்றவர்கள், 2023-இல் அதையே 12 ஆக உயர்த்தினார்கள். கதிர் தினமும் ஆடுகிற வாலரண்ட் 4 ஜிபி போதும் என்கிற ரகம். அதனால்தான் அதில் அவனுக்குப் பெரிய குறை இல்லை, மற்றவற்றில் இருக்கிறது. ஆகவே, ராமுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை என்ற உன் தீர்ப்பைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்.

இப்போது உன் மகனின் கட்சி. பற்றாக்குறை தீர்ந்த பிறகு ராமின் அளவைக் கூட்டினாலும் ஃப்ரேம், அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறாது. ஒரு விளையாட்டுக்கும் விண்டோஸுக்கும் சேர்த்து 11 ஜிபி தேவைப்படுகிறது என்றால், 16 இருக்கும் கணினியும் 32 இருக்கும் கணினியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடும்; மிச்சம் சும்மா கிடக்கும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 போல 32 ஜிபியைப் பரிந்துரைக்கிற விளையாட்டுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை ஓட்டுவதற்கு அவனுடைய கிராபிக்ஸ் ஒத்துழைக்காது. ராம் மட்டும் என்ன செய்துவிடும்?

அந்தப் படத்தில் என் கண்ணில் பட்டது இன்னொன்று. ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் வேகம் 3200 என்று இருக்கிறதாம். டாஸ்க் மேனேஜரோ 2400 என்று காட்டுகிறது. பாகங்களைப் பொருத்திக் கணினியாக்கிக் கொடுத்தவர், விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்பான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை இயக்காமலேயே அனுப்பியிருக்கிறார். என் கடைக்கு வருகிற கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வாங்கியவனே அனுபவிக்காமல் இருப்பது என்ன நியாயம்?

கணக்கைச் சொல்கிறேன். 2400-இல் ஓடும் ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 19.2 ஜிபி வரை தகவலைக் கொண்டுபோகும். அதுவே இரண்டு ஸ்டிக்குகளாக இரண்டு சேனலிலும் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே உள்ள பாதைகள்) 3200-இல் ஓடினால் 51.2 ஜிபி. வரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில் கோபாலபுரத்தில் ஒரு வாயில் மட்டும் திறந்திருந்த நாளில் லாரிகள் நின்ற நீளம் உனக்கு நினைவிருக்கும். இன்னொரு வாயிலைத் திறக்காமல் உள்ளே நிறுத்துமிடத்தை மட்டும் அகலப்படுத்தியிருந்தால் வரிசை குறைந்திருக்குமா? தனி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அந்தக் கார்டுக்கென்று சொந்த நினைவகம் இருக்கிறது. கதிருடைய கிராபிக்ஸுக்கு ராம்தான் ஒரே நினைவகம் என்பதால் அவனுக்கு இது நன்றாகவே தெரியும். அவன் இப்போது 32 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்கிப் பழையதைக் கழற்றிவிட்டுப் போட்டால், பணமும் போகும், இரண்டாவது சேனலும் காலியாகவே கிடக்கும்.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சேகர். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகம் செய்வதில் தொழிற்சாலைகள் முனைந்துவிட்டதால் 2025-இன் இறுதியிலிருந்து நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ராமின் விலை கண்டபடி ஏறியது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரிலேயே க்ரூசியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்பதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. இங்கே சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் 8 ஜிபி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கூட்டவே வழியில்லை. கடன் வாங்கி வாங்கிய அம்மாவும் பக்கத்தில் நிற்பார். அந்த நேரத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை. கதிருக்கு அந்தத் துரதிர்ஷ்டம் இல்லை. அவனிடம் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறது.

ஆகவே கோயம்புத்தூருக்கு நீ போகும்போது 8 ஜிபி டிடிஆர்4 3200 ஸ்டிக் ஒன்று மட்டும் வாங்கு. டெஸ்க்டாப்புக்கு உரியது என்று சொல்லிக் கேள். லேப்டாப் ஸ்டிக் நீளம் குறைவு, பொருந்தாது. டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5-ம் பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். முடிந்தால் பழைய ஸ்டிக்கின் அதே தயாரிப்பாக, ராமின் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணும் அதேயாக வாங்கு. வேறாக இருந்தாலும் பெரும்பாலும் ஓடும், ஆனால் இரண்டில் மெதுவானதன் வேகத்துக்கு மற்றதும் இறங்கிவிடும். ஸ்டிக்கைப் பொருத்திய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது அதே வேலையைச் செய்யும் டிஓசிபி என்று எது இருக்கிறதோ அதை இயக்கச் சொல். அதைக் கதிரே செய்வான். நீ பக்கத்தில் நின்று யோசனை சொல்லாமல் இருந்தால் போதும்.

அதன் பிறகும் திணறினால், திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து ஆடிப் பார்க்கச் சொல். ஃப்ரேம் ஏறினால் குறை கிராபிக்ஸில் இருக்கிறது, அப்போது கார்டைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சை அவன் பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதில் நான் உன் கட்சி. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள். வாரண்டிக்கு அது வேண்டும்.

அன்புடன்,
முருகானந்தம்