கடலோரப் பாதப் பரிசோதனை: மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்களுக்கு

வணக்கம். கடலோர ஊர்களில் சர்க்கரை நோயாளிகளின் பாதம் பார்க்கப் பிசியோதெரபி மாணவர்களை அனுப்புகிறவர்கள் முதலில் நாளைக் கவனியுங்கள். வார நாளில் போனால் கடலுக்குப் போகிற ஆண்கள் விடுபட்டுவிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்தபிறகு வையுங்கள். விசைப்படகுக்காரர்களைப் பார்க்க மீன்பிடித் தடைக்காலமே நல்லது: குமரி மாவட்டத்தில், கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையான மோனோஃபிலமென்ட்டை முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டு, கண்ணை மூடச் சொல்லுங்கள். பாதத்தில் இழை வளையும்வரை அழுத்தி, 1 அல்லது 2 விநாடியில் எடுத்துவிடுங்கள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் காய்ப்பு தடித்திருக்கும். அதன்மேல் வைத்தால் நல்ல காலும் உணர்விழந்ததாகத் தெரியும். அதன் ஓரத்தில் வையுங்கள். "இப்ப தெரியுதா?" என்று தொடும்போது மட்டும் கேட்கக் கூடாது, ஆமாம் என்றே பதில் வரும், தொடாமலும் இடையிடையே கேளுங்கள். ஓர் இழையால் 10 பேரைப் பார்த்தபின் 24 மணி நேரம் ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்துவிடும். இழைகளைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

உணர்வில்லாதவர்களின் பெயர்களை அன்றே 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் ஒப்படையுங்கள். அந்தப் பட்டியல் கல்லூரி அலமாரியில் கிடப்பது அநியாயம். புண் இருந்தால் தாமதிக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.