வீட்டுப் பேச்சை வீட்டாரிடமே விட்டுவிடுங்கள்

புதுச்சேரித் தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் டைரியில் பெற்றோருக்கான விதிகள் இருக்கும். நகம் வெட்டி அனுப்புவது, கட்டணம் கட்டும் தேதி, விடுப்புக் கடிதம் எல்லாம் சரி. அவற்றின் நடுவே, நான் பார்த்த சில பள்ளிகளின் டைரிகளில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது: வீட்டில் பிள்ளையுடன் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போகும் பெற்றோரிடம் இதை நேரிலும் வலியுறுத்துகிறார்கள். தமிழில் பேசிய பிள்ளையிடம் காசு வாங்கிப் போட உண்டியல் வைத்திருக்கும் வகுப்பறையும் உண்டு.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். எனக்கு ஆங்கிலத்தின்மீது பகை இல்லை. ஓய்வுபெறும்வரை அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் நடத்திய பாடமே ஆங்கிலம்தான். பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் பேச வேண்டும் என்ற அக்கறை உங்களைப் போலவே எனக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: இந்த விதி ஆங்கிலத்தையே கெடுக்கிறது.

எங்கள் வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். பேத்தி யு.கே.ஜி. படிக்கிறாள். டைரியைப் படித்ததிலிருந்து மருமகள் அவளிடம் ஆங்கிலம்தான் பேசுகிறாள். மருமகள் கெட்டிக்காரி, ஒரு மருந்துக் கடையின் இருப்பையும் கணக்கையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவள். ஆனால் அவளுக்குக் கைவந்திருப்பது கடைக்கு வேண்டிய ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளையிடம் என்ன பேச முடியும்? வா, உட்கார், சாப்பிடு, ஓடாதே, ஹோம்வொர்க்கை முடி. அத்தனையும் ஏவல்.

ஒருநாள், பக்கத்தில் உட்காரும் பையனை இவள் அடித்துவிட்டதாக டைரியில் குறிப்பு வந்தது. ஏன் அடித்தாய் என்று அம்மா ஆங்கிலத்தில் கேட்டாள். "ஸாரி மம்மி" என்றாள் பிள்ளை. விசாரணை அத்துடன் முடிந்தது. பிறகு தோசை ஊற்றிக்கொண்டே அதே கேள்வியை நான் தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்தது. ரப்பரை முதலில் பிடுங்கியது அவன்தானாம். அது இவளுடையதுகூட இல்லை, தோழியுடையது. தோழி அழுதாள். மிஸ்ஸிடம் போய்ச் சொன்னால் கோள் சொல்லாதே என்பார். அதனால்தான் அடித்தாள். ஆனால் மெதுவாகத்தான் அடித்தாள். மிஸ் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவன் சத்தமாக அழுதான்.

காரணம், விளைவு, 'அதனால்', 'ஆனால்', அடுத்தவன் மனதில் என்ன இருந்திருக்கும் என்ற ஊகம் வரை எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கின்றன. நாளைக்கு அவள் உங்கள் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது வேண்டியிருப்பதும் இவைதாம். ஒரு மொழியில் வலுப்பட்ட சிந்தனைத் திறனும் வாசிப்புத் திறனும் அடுத்த மொழிக்கும் போய்ச் சேரும் என்ற கருத்தைக் கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் விரிவாக எழுதினார். அடுத்த மொழியைக் கேட்கவும் பழகவும் போதிய வாய்ப்பும், கற்கும் ஆர்வமும் இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அந்த வாய்ப்பைத் தர வேண்டிய இடம் பள்ளி. திணறிப் பேசும் பெற்றோரின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

இரண்டு மொழி சேர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்பார்கள். இது பழைய அச்சம். 1920களில் வேல்ஸ் நாட்டில் செய்த ஆய்வுகூட இருமொழிப் பிள்ளைகள் அறிவுச் சோதனையில் பின்தங்குவதாகத்தான் சொன்னது. வறுமை, வசதி, பிள்ளைக்குச் சோதனை மொழி எவ்வளவு தெரியும் என்பதையெல்லாம் அக்காலத்து ஆய்வுகள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962இல் மான்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் குடும்ப வசதியில் ஒத்த பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் பின்தங்கவில்லை; முன்னே நின்றார்கள்.

குழப்பமா, பிறந்த குழந்தைக்கே அது இல்லை. கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான டகாலோக்கும் பேசிய தாய்மார்களின் பச்சிளங்குழந்தைகளை வான்கூவரில் ஆராய்ந்தார்கள். முடிவு 2010இல் வெளிவந்தது. அந்தக் குழந்தைகள் இரண்டு மொழிகளையும் ஆர்வமாகக் கேட்டன. இரண்டும் வேறு என்று பிரித்தறியவும் செய்தன. எங்கள் பேத்தியும் மிட்டாய் வேண்டுமென்றால் தாத்தாவிடம் தெலுங்கில்தான் போவாள். எவரிடம் எது செல்லும் என்பது அவளுக்குத் தெரியும்.

பிள்ளைகள் மொழிகளைக் கலப்பதும் உங்களுக்குக் கவலை. கவனித்துப் பாருங்கள்: பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து, பஸ்ஸோடு என்று ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேற்றுமை உருபைப் பிசகாமல் சேர்க்கிறார்கள். இலக்கணம் தெரியாத தலையால் இது முடியாது. சொல் வளம் குறைவு என்று தோன்றினால் இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த சின்னஞ்சிறு குழந்தைகளிடம் அப்படி எண்ணியபோது, ஒருமொழிக் குழந்தைகளுக்குச் சமமாகவே வந்தது. அந்த ஆய்வு வெளியான ஆண்டு 1993.

இருமொழி மூளை கூர்மையானது என்று விளம்பரப் பலகை வைக்கவும் நான் சொல்லவில்லை. டொரன்டோவின் எலன் பியாலிஸ்டாக் குழு 2004இல், இந்தியாவில் வாழும் தமிழ்-ஆங்கில இருமொழியாளர்களைக் கனடாவில் ஆங்கிலம் மட்டும் பேசுவோருடன் ஒப்பிட்டது. கவனத்தைக் கலைக்கும் சோதனையில் நம்மவர்கள் தடுமாறியது குறைவு. ஆனால் பின்னால் ஆயிரக்கணக்கானோரை வைத்துச் செய்த ஆய்வுகளில் அப்படியொரு மேன்மை தென்படவில்லை, சர்ச்சை தொடர்கிறது. இருமொழியாளருக்குச் சொல் நாக்கு நுனியில் வந்து நிற்பது சற்று அதிகம் என்பதும் உண்மை. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் தாமதம் தெரிந்தது. என் வயதுக்கு அது நல்ல செய்தி. யு.கே.ஜி. பிள்ளையின் வாதத்துக்கு அதை இழுக்க வேண்டியதில்லை.

தாய்மொழியை வீட்டில் தடுத்தும் மேதையானவர் நம் ஊரிலேயே வாழ்ந்தாரே என்று ஒரு முதல்வர் என்னிடம் கேட்டார். ஸ்ரீ அரவிந்தரைச் சொன்னார். உண்மைதான், அவருடைய தந்தை வீட்டில் வங்காள மொழி பேச விடவில்லை. ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் விட்டார். அங்கே கதை, சண்டை, வழிபாடு, கேலி என்று முழு ஆங்கிலமும் அவருக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது 'வா, சாப்பிடு' ஆங்கிலம். அரவிந்தரும் இந்தியா திரும்பிய பிறகு, பரோடாவில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வங்காள மொழியைப் பயில வேண்டியிருந்தது. சான்று தேடுவதென்றால், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்களான சொல்தா வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு வந்து மாலையில் தமிழில் சண்டை போடுவார்கள். எந்த மொழியிலும் அவர்கள் ஊமையாகிவிடவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஆண்டு டைரி அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால், உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பிள்ளையுடன் நிறையப் பேசுங்கள் என்று போடுங்கள். அது ஆங்கிலமாக இருக்கும் வீட்டில் ஆங்கிலமே இருக்கட்டும். பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளையின் பெற்றோரிடம், ஒரு மொழியை நிறுத்திப் பாருங்கள் என்று தயவுசெய்து யோசனை சொல்லாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள், பிள்ளை கேட்டு வளரும் எல்லா மொழிகளிலும் சோதிக்கச் சொல்லுங்கள். சேர்க்கை நாளில் வாய் திறக்காத பிள்ளையைத் தமிழில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

வகுப்பில் ஆங்கிலத்தைத் தாராளமாகக் கொடுங்கள். கூட்டாக ஒப்பிக்க வைப்பதைக் குறைத்து, கதை படித்துக் காட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஆசிரியைகளுக்கு அதற்கான பயிற்சி வேண்டுமென்றால், மாலை நேரங்களில் சம்பளமில்லாமல் வந்து சொல்லித்தர எனக்குச் சம்மதம்.

அபராத உண்டியலை மூடிவிடுங்கள். இதுவரை சேர்ந்த காசுக்கு வகுப்பு நூலகத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கலாம். பாதி ஆங்கிலத்தில் இருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை