செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் முக்காவாசி ஜீப்ரா கிராஸிங் கதைதான்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா படிப்பாரு, மாசக் கூட்டம் ரெண்டு, தேவையான அளவு ஆள் (கோரம்) சேராம தள்ளிப்போச்சு, மத்ததெல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. மிச்ச நேரமெல்லாம் மெயின் ரோட்டு கிராஸிங்லயே போச்சு, அதனால அறிக்கையும் அதப் பத்தித்தான்.

ஆரம்பத்துல நாம செஞ்சது ஒரு நோட்டீஸ். "பாத்து கடங்க, போன் பாத்துட்டு நடக்காதீங்க"ன்னு பெருசா அடிச்சு எல்லா இடத்துலயும் ஒட்டினோம். அடுத்த கூட்டத்துல நம்ம மூத்த உறுப்பினர், கைத்தடி வச்சு நடப்பாரே அவருதான், "எங்கிட்ட போனே கெடையாது, பாத்துதான் கடக்கறேன், பின்ன ஏன்பா எல்லாரும் எம்மேல ஹாரன் அடிக்கிறீங்க"ன்னு கேட்டாரு. நம்மகிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம்தான் நாலு பேரு டேப்பும் ஸ்டாப்வாட்சும் எடுத்துட்டு போய் நின்னோம். ரோடு அகலம் 14 மீட்டர், பச்சை மனுஷன் எரியறது 12 செகண்ட். செகண்டுக்கு 1.2 மீட்டர் நடக்கற ஆளுக்கு சரியா இருக்கும், சிக்னல் கணக்கு பல இடத்துல அந்த வேகத்த வச்சுதான் போடறாங்க. பெரியவர் செகண்டுக்கு 0.8 மீட்டர்தான் நடக்கறாரு, லைட் மாறும்போது அவருக்கு இன்னும் நாலு மீட்டருக்கு மேல பாக்கி, ஹாரன் ஆரம்பிக்கறது கரெக்டா அங்கதான். மூணு மனு குடுத்தோம், போன மாசம் 18 ஆக்கிட்டாங்க.

நேரத்த கூட்டியாச்சு, ஆனா வண்டி ஓட்டற நம்மள என்ன பண்றது? ஒரு ஞாயித்துக்கிழமை தெருவுல சாக்பீஸால கோடு போட்டு பாத்தோம். 50 கிலோமீட்டர் வேகத்துல போறவன் ஆள பாத்து பிரேக்ல கால் வைக்க ஒரு செகண்ட் ஆகுதுன்னு வச்சுக்கிட்டாலே, அதுக்குள்ள வண்டி 14 மீட்டர் ஓடிடும், பிரேக் புடிச்சு நிக்க காஞ்ச ரோட்டுலயே இன்னொரு 14 வேணும். 30ல போறவனுக்கு எல்லாம் சேத்து 13, 14தான். அதாவது 30ல வந்தவன் முழுசா நின்னுட்ட எடத்துல 50ல வந்தவன் அப்பதான் பிரேக்கயே தொடறான். கோட்ட பாத்துட்டு கொஞ்ச நேரம் யாரும் பேசல.

ஓஸ்லோ நகரத்துல 2019ல நடந்து போனவங்க ஒருத்தர்கூட வண்டி மோதி சாகல. அது நோட்டீஸ் ஒட்டி வந்தது இல்ல, வேகத்த குறைச்சாங்க, நடு ஊர்ல ரோட்டோர பார்க்கிங்க நிறைய எடுத்தாங்க.

இங்க ஒண்ண நானே ஒத்துக்கணும். கிராஸிங்ல ஒரு வேன் நின்னுச்சு, நான் பைக்ல பின்னாடி, இவன் எதுக்கு சும்மா நிக்கிறான்னு எரிச்சல்ல பக்கத்துல பூந்து முன்னாடி போனேன், வேனுக்கு முன்னாலருந்து வெளிய வந்தது நம்ம பெரியவர். கைத்தடி என் மட்கார்டுல தட்டி உருண்டுச்சு, அவருக்கு அடி இல்ல. ஒண்ணும் சொல்லாம குனிஞ்சு எடுத்துட்டு போயிட்டாரு, இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. கிராஸிங்ல ஒரு வண்டி நின்னா அதுக்கு முன்னாடி ஆள் இருக்குன்னு அர்த்தம், இத்தனை வருஷம் ஓட்டியும் அது எனக்கு அன்னிக்குதான் உறைச்சுது.

கிராஸிங் பக்கத்துல உறுப்பினர்கள் கார் நிறுத்தக்கூடாதுன்னு தீர்மானம் போட்டோம், ஏன்னா கார் மறைப்புலருந்து சின்னப் புள்ளைங்க வெளிய வர்றது ஓட்டறவனுக்கு தெரியவே தெரியாது. மூணு பேரு கோவிச்சுக்கிட்டாங்க, ஒருத்தர் சங்கத்த விட்டே போயிட்டாரு, பரவால்ல. ரெண்டு கார் இன்னும் அங்கதான் நிக்குது, யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பழைய நோட்டீஸ் எல்லாம் எடுத்தாச்சு, லிஃப்ட் பக்கத்துல மட்டும் ஒண்ணு மிச்சம் இருக்கு. போறப்ப யாராவது கிழிச்சிடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்